கூரையில் பதினொன்று

14, மில்கேட் தெரு, ஹாக்ஷா
2 ஜூன் 2008

அன்புத் தம்பி கிளிஃபுக்கு அக்கா பெரில் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். விரல் மூட்டுகள்தான் மழை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே எனக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன. உன் உடம்பு எப்படி? அந்தச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இருமல் நின்றதா?

நீதிமன்றத்தில் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டேன் என்று வருத்தப்பட்டாயாம். கோபத்தில் போனேன். இன்னும் கோபம்தான். "நான் வண்டிதான்க்கா ஓட்டுனேன்" என்று நீ எத்தனை தடவை சொன்னாலும், வண்டிக்குள் இருந்தது சர்ச் கூரையிலிருந்து உரித்த ஈயத் தகடு. நம் அம்மாவை அந்தச் சர்ச்சிலிருந்துதான் அடக்கத்துக்கு எடுத்துப் போனோம். போன ஞாயிறு பாதிரியார் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் பிரசங்கம் செய்தார். எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயதில் இது உனக்குத் தேவையா?

சரி, திட்டியாகிவிட்டது. உன் புறாக்கள் பதினொன்றும் சுகம். காலையில் கூண்டைத் திறந்துவிடுகிறேன். நாலு மணிக்கு, நீ செய்வதுபோலவே, பின்வாசலில் நின்று சோள டப்பாவைக் குலுக்குகிறேன். புள்ளி புள்ளியாக மேலே சுற்றிக்கொண்டிருப்பதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு இறங்கி வந்துவிடுகின்றன. நீலப் பெட்டை மட்டும் கூண்டுக்குள் போவதற்கு முன் என் தோளில் உட்காருகிறது. உன்னை விட்டுப் போன பெண்டாட்டியைவிட மரியாதை தெரிந்த பிறவிதான். ஆனாலும் எச்சம் போடுகிறது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த ஜெம்மா துணி எடுக்கும்போது நம் வேலிப் பக்கம் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். போகட்டும். நீ வரும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, பார்த்துக்கொள்வேன். யாரிடமும் சண்டைக்குப் போகாமல் இரு.

உன் நலம் கேட்கும்
பெரில்


15 ஜூன் 2008

அக்காவுக்குக் கிளிஃப்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இதைத் தபாலில் போடுவதற்கு முன் இங்கே ஒருத்தர் படித்துப் பார்ப்பார். அவருக்கும் என் வணக்கம். இருமல் குறைந்துவிட்டது. உருளைக்கிழங்கை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் பட்டினி இல்லை. உன் விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

திட்டியது சரிதான். ஈயத்தைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

பட்டாணியைக் கழுவாமல் போடாதே. குளிக்கிற தொட்டியில் வாரம் ஒரு தடவை கொஞ்சம் உப்பு போடு. நீலப் பெட்டைக்கு இது ஐந்தாவது வருஷம். பிரான்சிலிருந்து ஐந்நூறு மைல், ஒரே பகலில் வீட்டுக்கு வந்தவள் அவள். அவளை விரட்டாதே. என் அறையில் இருக்கும் டேல் என்ற பையன் நேற்றுக் கேட்டான்: "பெருசு, ஒரு மாசமா உன்கூட இருக்கேன். ஒரு மனுசனப் பத்தி நீ பேசி நான் கேக்கல. நீ என்ன, புறாவையா கட்டிக்கிட்டே?" நான் சொன்னேன், "கட்டிக்கிட்டது ஓடிப்போச்சுடா. புறாதான் திரும்பி வருது."

ஒரு நல்ல செய்தி. ஒழுங்காக இருந்தால் ஜனவரி ஒன்பதாம் தேதி, நாலு மாதம் முன்னதாகவே, காலில் ஒரு கண்காணிப்புப் பட்டையைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்களாம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் போய்த் தங்க ஒரு வீடு வேண்டும். உன் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். வீட்டின் மேல் ஏதாவது புகார் உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. இல்லை என்று எழுதிவிட்டேன். நம் வீட்டின் மேல் என்ன புகார் இருக்கப்போகிறது. இங்கே ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு மாதமாகப் போகிறது அக்கா. அந்தத் தேதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

டப்பாவை நாலு மணிக்கே குலுக்கு. பிந்தினால் அவற்றுக்குக் கோபம் வரும்.

தம்பி
கிளிஃப்


கவுன்சில் வீட்டு வசதிப் பிரிவு, ஹாக்ஷா
4 ஜூலை 2008

மதிப்பிற்குரிய திருமதி பெரில் ஓக்டன் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

தங்கள் வீட்டின் பின்முற்றத்தில் வளர்க்கப்படும் பறவைகளின் எச்சம், இறகுத் தூசு ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்குத் தொடர்ந்து தொல்லை ஏற்படுவதாக ஏழு வாரங்களுக்கான நாட்குறிப்புடன் புகார் வந்துள்ளது. தங்கள் தெரு இவ்வாண்டு முதல் "நல்ல அண்டை வீட்டார்" சோதனைத் திட்டத்தின் கீழ் வருகிறது. அதன்படி, கூண்டையும் பறவைகளையும் 31 ஆகஸ்டுக்குள் நிரந்தரமாக அகற்றுவதாக இணைப்பிலுள்ள உறுதிமொழியில் கையொப்பமிட்டு அனுப்பவும்.

உறுதிமொழி மீறப்பட்டால், தாங்கள் பெறும் வாடகை உதவியில் ஐந்தில் இரண்டு பங்கு பதின்மூன்று வாரங்களுக்கு நிறுத்தப்படும். அதன் பின்னும் தொல்லை தொடருமானால் தங்கள் குடியிருப்பு உரிமை மறுபரிசீலனை செய்யப்படும்.

தங்கள் ஒத்துழைப்பை நாடும்
கே. ரோட்ஸ், குடியிருப்பு அலுவலர்


14, மில்கேட் தெரு
20 ஜூலை 2008

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கொஞ்சம் அலைச்சல், அதனால் எழுதத் தாமதம்.

பட்டாணியைக் கழுவித்தான் போடுகிறேன். தொட்டியில் உப்பும் போட்டாயிற்று. பதினொன்றும் நன்றாக இருக்கின்றன.

ஒரு சந்தேகம். ரேடியோவில் யாரோ பேசினார்கள், பாதியில்தான் கேட்டேன். வளர்ந்த பந்தயப் புறாவை வேறு ஊர்க்காரருக்குக் கொடுத்தால் அங்கேயே இருந்துகொள்ளுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஜனவரி ஒன்பதை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த வருஷ நாட்காட்டி இன்னும் வரவில்லை, டிசம்பர் தாளுக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்.

இருமலுக்குத் தேன் கேட்டுப் பார்.

பெரில்


3 ஆகஸ்ட் 2008

அக்காவுக்கு,

நலம். தேன் கேட்டேன், சிரித்தார்கள். உன் கடிதம் ரொம்பச் சின்னது. அலைச்சல் என்றால் என்ன அலைச்சல்? டாக்டரிடமா? மறைக்காதே.

ரேடியோக்காரன் என்ன சொன்னானோ, நான் சொல்கிறேன் கேள். புறா முதன்முதலில் வெளியே வந்து வானத்தைச் சுற்றிப் பார்க்கிறதே, அந்தக் கூண்டுதான் அதற்குச் சாகும்வரை வீடு. வளர்ந்ததை வேறு ஊரில் கொடுத்தால் இரண்டே வழி. ஒன்று, ஆயுசுக்கும் கூண்டைத் திறக்கக் கூடாது. இல்லையென்றால் கழுத்தைத் திருகிவிட வேண்டும். இரண்டுமே என்னால் ஆகாது. ஸ்கார்பரோ ஸ்டானை எடுத்துக்கொள், என்னோடு புறா வளர்க்கக் கற்ற கூட்டாளி, தங்கமான மனுஷன். 89இல் என்னிடம் ஒரு ஆண் புறா வாங்கினான். இரண்டு வருஷம் பூட்டி வைத்து, ஜோடி சேர்த்து, குஞ்சு பொரித்த பிறகு, "இனிமே எங்க போவுது" என்று திறந்துவிட்டான். எழுபது மைல். நாம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் மேல் வந்து உட்கார்ந்தது, உனக்கு நினைவிருக்கும். அவனுக்கும் பறக்கிறதைப் பூட்டி வைத்துப் பார்க்கச் சகிக்காது.

டேலின் அம்மாவுக்கு உதவிப் பணத்தை வெட்டிவிட்டார்களாம். அவன் தம்பி தெருவில் குப்பைத்தொட்டியைக் கொளுத்தினானாம், அதற்கு அம்மாவுக்குத் தண்டனை. "கொளுத்துனது அவன், அடுப்பு அணைஞ்சது எங்கம்மாவுக்கு" என்று நேற்றெல்லாம் சுவரைக் குத்திக்கொண்டிருந்தான். நமக்கு அந்தத் தலைவலி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விரல் எப்படி?

கிளிஃப்


14, மில்கேட் தெரு
18 ஆகஸ்ட் 2008

ஸ்டான் அண்ணாவுக்குப் பெரில் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் நெஞ்சு வலி பரவாயில்லையா? மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா? போனில் பேசலாம்தான். உங்கள் காதுக்குக் கத்தினால் தெருவுக்கே கேட்கும், இங்கே சுவர் அட்டை மாதிரி. அதனால் எழுதுகிறேன்.

கவுன்சில் கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு ஜெம்மாவைத் திட்டாதீர்கள். முதலில் நானும் திட்டத்தான் போனேன். கதவைத் திறந்தவள் இடுப்பில் நாலு வயதுக் குழந்தை லில்லி, மூக்கில் மருந்துக் குழாய். "ஆன்ட்டி, கொடியில காயிற போர்வையில புறா இறகுத் தூசி. அதத்தான் போத்திக்கிட்டுத் தூங்குறா. மூணு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். உங்ககிட்ட வந்து சொல்ல பயமா இருந்துச்சு. உங்க தம்பி ஜெயில்ல இருக்காருன்னாங்க." நான் திட்டாமலே திரும்பி வந்துவிட்டேன். அந்தக் குழந்தை மூச்சு இழுப்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அதை இத்தனை நாள் கேட்காத மாதிரி இருந்தேன், அதுதான் உண்மை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் வாடகையில் பெரும்பகுதி அந்த உதவிப் பணம்தான். அதோடு, வீட்டின் மேல் புகார் என்று ஒரு வரி இருந்தாலே கிளிஃபை ஜனவரியில் விட மாட்டார்கள். கழுத்தைத் திருக எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வந்து பதினொன்றையும் கூட்டிப் போங்கள். பூட்டியே வைக்க வேண்டும். எவ்வளவு பாவமாக இருந்தாலும் திறக்கவே கூடாது. உங்கள் மனைவியின் ஆன்மா மேல் எனக்கு வாக்குக் கொடுங்கள். கிளிஃபிடம் இப்போது சொல்ல வேண்டாம். வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்கிறேன், அப்போது அவன் கத்தினால் தாங்கிக்கொள்ளலாம். அங்கே உட்கார்ந்து அவன் தனியாக அழுவதைத் தாங்க முடியாது.

குளிரில் வெளியே போகாதீர்கள்.

பெரில்


ஸ்கார்பரோ
13 அக்டோபர் 2008, திங்கள்

தங்கச்சி பெரிலுக்கு,

உன் உடம்பு சுகமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. என்றாலும் கேட்கிறேன்.

ஏழு வாரம் பூட்டித்தான் வைத்தேன். நீலப் பெட்டை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் ஜோடி சேர்ந்து, தின்று, பழகிவிட்டன. இன்றைக்கு வானம் அவ்வளவு தெளிவாக இருந்தது பெரில். காற்றும் இல்லை. அரைமணி நேரம் காலை நீட்டிவிட்டு உள்ளே வந்துவிடும் என்று நினைத்தேன். ஐம்பது வருஷமாகப் புறா வளர்க்கிறவன் நினைக்கிற நினைப்பா இது? வீட்டுக்கு மேலே ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் மேற்கே திரும்பின. டப்பாவைக் குலுக்கிக்கொண்டே சாலைவரை ஓடினேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டேமுக்காலுக்குத் திறந்தேன். உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. வந்துவிட்டனவா? பதினொன்றும் வந்தனவா?

என்னை மன்னித்துவிடு.

ஸ்டான்


14, மில்கேட் தெரு
16 அக்டோபர் 2008

ஸ்டான் அண்ணாவுக்கு,

வந்துவிட்டன. பதினொன்றும். ஒரு சிறகுகூடக் குறையவில்லை, அதில் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் பட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன் போட்டபோது நான் முற்றத்தில் இருந்தேன், மிஸ் ரோட்ஸுடன். அன்றைக்கென்று அவள் சோதனைக்கு வந்திருந்தாள். சின்னப் பெண், மரியாதையான பெண், அழுக்குப் படாத ஷூ. கூண்டை உடைத்து எடுத்துப்போன இடத்தைப் பார்த்தாள். நான் சிமெண்டைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். "ரொம்ப நல்லா ஒத்துழைச்சிருக்கீங்க மிஸஸ் ஓக்டன்," என்று சொல்லிப் படிவத்தில் 'பறவைகள்' என்ற இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள். அப்போது தலைக்கு மேலே சிறகுச் சத்தம். கூரை முகட்டில் வரிசையாக இறங்கின. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே வந்து, கூண்டு இருந்த வெறும் சிமெண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தன. வாசல் எங்கே என்று தேடின. நீலப் பெட்டை நேராக வந்து என் தோளில் உட்கார்ந்தது.

"இது யாரோட புறா?" என்றாள்.

"ஸ்கார்பரோவுல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்மா."

"அப்ப இங்க எதுக்கு வந்திருக்கு?"

"அதுக்கு இதுதான் வீடு. அது அப்படித்தான், மாத்த முடியாது."

"நானும் அதைத்தான் எழுதப்போறேன்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நின்று எண்ணினாள். பதினொன்று என்று எழுதினாள்.

பொய் உறுதிமொழி என்று பதிவாகிவிட்டது. நவம்பர் மூன்றிலிருந்து உதவிப் பணம் வெட்டு. டிசம்பர் பதினைந்தில் மறுபடி வருவார்கள். அன்றைக்கு ஒரு புறா இருந்தாலும் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ். நான் பொய்க்காரி இல்லை அண்ணா. அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக என்னைப் பொய்க்காரி என்று எழுதிவிட்டார்கள். அன்று முழுக்கச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

திரும்பக் கூட்டிப் போய்ப் பூட்டுகிறேன் என்று எழுதாதீர்கள். நீங்கள் திறப்பீர்கள். கிளிஃபும் திறப்பான். புறாக்காரர்கள் ஒருத்தராலும் ஆகாது. என்ன செய்வதென்று யோசிக்கிறேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. மாத்திரையைப் போடுங்கள்.

பெரில்


14, மில்கேட் தெரு
17 அக்டோபர் 2008

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். கோபப்படாதே. டாக்டரிடம் போகவில்லை, எனக்கு ஒன்றுமில்லை. உனக்குத்தான் குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளி அனுப்பலாமா என்று கேட்டு எழுது.

திங்கட்கிழமை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. உன் பதினொன்றும் கூரை முகட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண் நின்று ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் போனாள். நீலப் பெட்டை வழக்கம்போல என் தோளில்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. நல்லபடியாக நடந்துகொள். ஜனவரி ஒன்பது.

பெரில்


23 நவம்பர் 2008

அக்கா,

நலம் விசாரிக்கிற மாதிரி எழுத வரவில்லை. நீ சாப்பிடுகிறாயா? அதை முதலில் சொல்.

நன்னடத்தை அதிகாரி வியாழக்கிழமை கூப்பிட்டார். "உங்கள் அக்கா வீடு ஒத்துவராது, அங்கே ஒரு மீறல் பதிவாகியிருக்கிறது" என்றார். நான் சிரித்தேன். வேறு பெரில் ஓக்டனாக இருக்கும் என்றேன். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். எல்லாம் இருந்தது. ஜூலை, ஆகஸ்ட், ஸ்டான், அக்டோபர். கூரையில் எண்ணிவிட்டுப் போன பெண் யார் என்பதும் இருந்தது.

ஐந்து மாதம் என்னைக் குழந்தை மாதிரி ஏமாற்றியிருக்கிறாய். என் புறாக்களை என்னைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்தாய். இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகு டேல் சொன்னான்: "பெருசு, எங்கம்மாவும் போன்ல 'ஒண்ணுமில்லப்பா'ன்னுதான் சொல்லும். வெட்டுனது தெரிஞ்சதே பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான்." ஈயம் திருடினவன் நான். நான் மூன்று வேளை சாப்பிடுகிறேன், வெட்டு உனக்கு. இதை யார் கணக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை.

முடிவு பண்ணிவிட்டேன். ஜனவரியில் வரவில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன். மே மாதம் வரை இங்கேயே இருந்துவிடுகிறேன், நாலு மாதம்தானே. வந்த அன்றைக்கே அவற்றுக்கு ஒரு தோட்டம், ஒரு இடம் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை பதின்மூன்று வாரம் எப்படியாவது சமாளி. புறாவைத் தொடாதே. ஸ்டானையும் தொடவிடாதே. இது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன்.

கிளிஃப்


14, மில்கேட் தெரு
8 டிசம்பர் 2008

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். நீ கேட்ட முதல் கேள்விக்கு முதல் பதில். உன் இருமல் திரும்பியிருக்கிறது என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

உனக்கு ஒன்று தெரியாது. பதின்மூன்று வாரத்தோடு முடிகிற விஷயம் இல்லை. இந்தப் பதினைந்தாம் தேதி கூரையில் ஒரு புறா இருந்தாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீ மே மாதம் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவாய்? நான் எங்கே இருப்பேன்? இதை எழுதினால் நீ தூங்க மாட்டாய் என்று எழுதவில்லை.

வெட்டு விழுந்தது ஜெம்மாவுக்குத் தெரிந்தபோது ஒரு சட்டி இறைச்சிக் குழம்போடு வந்து வாசலில் நின்று அழுதாள். "நான் புறா போனா போதும்னுதான் ஆன்ட்டி கேட்டேன். உங்க சோத்துல கை வைப்பாங்கன்னு யாரும் சொல்லல." புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஆபீசுக்குப் போயிருக்கிறாள். பதிவில் ஏற்றியது ஏற்றியதுதான், இறக்க வழியில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அவள் மேல் உனக்கு வன்மம் வேண்டாம்.

தம்பி, வெள்ளிக்கிழமை ஸ்டானுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் முடித்துவிட்டார். பதினொன்றும் இல்லை. ஒரு நொடிதான் ஆனதாம், எதற்கும் தெரிந்திருக்காதாம். உன் பேச்சை மீறினேன். திட்டுவதானால் நேரில் திட்டு.

மிஸ் ரோட்ஸ் இன்று முன்னதாகவே வந்து பார்த்துவிட்டாள். உன் அதிகாரிக்கு இன்றே எழுதிவிடுவதாகச் சொன்னாள். வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு. உன் படுக்கைக்குப் புது உறை போட்டுவிட்டேன்.

பெரில்


14, மில்கேட் தெரு
12 ஜனவரி 2009

ஸ்டான் அண்ணாவுக்குப் பெரில்.

உங்கள் நெஞ்சு வலி எப்படி? கடல் காற்றில் நிற்காதீர்கள். நானும் ஏதோ இருக்கிறேன்.

கிளிஃப் வெள்ளிக்கிழமை வந்துவிட்டான். என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதவேயில்லை. வருவானா மாட்டானா என்று ஒரு மாதம் தெரியாமல் இருந்தேன். பத்து மணிக்குப் பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றான். இளைத்துவிட்டான். மதியம் ஆள் வந்து காலில் பட்டை கட்டிவிட்டுப் போனார்கள். அன்றைய தபாலில் கவுன்சிலிலிருந்து எனக்கு ஒரு வாழ்த்து அட்டை, 'நல்ல அண்டை வீட்டாராக இருப்பதற்கு நன்றி' என்று. வெட்டு இன்னும் மூன்று வாரம் பாக்கி இருக்கிறது.

முற்றத்துக்குப் போனான். சிமெண்டைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். உள்ளே வந்து கேட்டான்: "ஸ்டான்தானே செஞ்சான்?"

"ஆமாடா."

"வலிச்சிருக்காதுல்ல?"

"பழகின கைடா அவரு கை. ஒரு நொடி."

உங்களுக்குத் தெரியும் நடந்தது. முதல் புறாவைக் கையில் எடுத்தீர்கள், அப்படியே பறக்க விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வண்டியில் போய் உட்காருங்கள் என்று நான்தான் அனுப்பினேன். சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்கு அம்மா கோழியை அறுக்காமல் கழுத்தைத் திருகுவாள், நான் பிடித்துக்கொள்வேன். கைக்கு அது நினைவிருந்தது. டப்பாவைக் குலுக்கினேன். மணி பதினொன்றுதான், அவற்றின் நேரமே இல்லை. ஆனாலும் குலுக்கியதும் வந்துவிட்டன. நீலப் பெட்டை தோளில் வந்து உட்கார்ந்தது. கடைசிக்கு விட்டால் என்னால் முடியாது என்று அதைத்தான் முதலில் செய்தேன். மற்ற பத்தும் காலடியில் சோளம் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட என்னை விட்டுப் பறக்கவில்லை. அதைத்தான் மறக்க முடியவில்லை அண்ணா.

அவன் உங்களைத் திட்டி எழுதுவான். ஒருவேளை பேச்சே இருக்காது. தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள், நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எழுபது மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். அவனும் நானும் தினமும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். கூண்டைத் திறந்ததற்கு நீங்கள் எனக்குத் தர வேண்டியது இது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று டீ ஊற்றும்போது கெட்டில் கையிலிருந்து நழுவியது. என் வலது கட்டைவிரல் கழுத்தைத் திருகிய அன்றிலிருந்து வீங்கித்தான் இருக்கிறது, மடங்குவதில்லை. அவன் வாங்கி ஊற்றினான். ஊற்றிவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "மழ வரப்போவுது போலக்கா," என்றான்.

"ஆமாடா," என்றேன்.

இதை எழுதி முடிக்கும்வரை மழை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் சுத்தமாக இருக்கிறது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரில்